பிரதம நீதிபதி ஜான் மார்ஷல்

அலுவலகங்களில் பணி புரிவோர் யாவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. உத்தரவு தயாராகிவிடும், கையொப்பம் விழுந்துவிடும், முத்திரையும் இட்டாகிவிடும். ஆயினும் உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் அது மேசை மேலேயே தங்கிவிடும். மறுநாள் அதிகாரி மாறிவிடுவார். தங்கிவிட்ட காகிதத்தின் கதி யாது? அந்த மனிதருக்கு உத்தியோகம் கிடைத்ததாகக் கொள்வதா, கிடைக்கவில்லை என்று கொள்வதா? 1801-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3-ஆம் நாள் இரவு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் புதிய தலைநகரான வாஷிங்டனில் இத்தகைய காகிதங்கள் சில ஒரு மேசை மேல் தங்கிவிட்டன. அவற்றை அனுப்பிவைக்கத் தவறியவர் ஜான் மார்ஷல். பின்னர் அவற்றைப் பற்றி எழுந்த வழக்கில் தீர்ப்புக் கூறியவரும் அதே ஜான் மார்ஷல்தான். அந்தத் தீர்ப்பினாலேயே அவர் பெயர் சட்ட உலகில் நிலைபெற்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அவர் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து காண்பது நலம்.

வர்ஜீனியா அக்காலத்தில் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகளில் ஒன்றாக இருந்தது. அதன் எல்லைப்புறத்தில், காடு வெட்டிக் கழனி திருத்தும் மக்கள் வாழ்ந்த பகுதியில், மரக்கட்டைகளால் அமைந்த சிறு வீடு ஒன்றில் 1755-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் மார்ஷல் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதினைந்து மக்களுள் அவரே மூத்தவர். தந்தை தாமஸ் மார்ஷல் நில அளவைத் தொழில் செய்தவர்; அதே தொழிலை இளமையில் மேற்கொண்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டனுடன் நட்புப் பூண்டவர். தாயார் மேரி, வர்ஜீனியாவின் பெருங்குடியாகிய ராண்டால்ப் மரபில் வந்தவர். பிற்காலத்தில் மார்ஷலுக்கு ஆயுள் முழுதும் எதிரியாக விளங்கிய தாமஸ் ஜெபர்ஸனும் தாய்வழியில் அதே மரபினரே. உறவினரிடையே மூளும் பகை எளிதில் ஆறுவதில்லை என்பதற்கு இவ்விருவர் கதையும் ஒரு சான்று.

மார்ஷலின் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. வெளியூர்ப் பள்ளி ஒன்றில் ஓராண்டு பயின்றார். பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் மன்றோ அங்கே அவருடைய தோழர். பிறகு ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஒருவர் ஓராண்டுக் காலம் அவர்கள் வீட்டிலேயே தங்கி லத்தீன் மொழி கற்பித்தார். அவ்வளவுதான். மற்றக் கல்வி எல்லாம் தந்தையிடம் பெற்றது. ஆங்கிலக் கவிஞர் போப் இயற்றிய நெடுங்கவிதை ஒன்றைப் பன்னிரண்டு வயதுக்குள் தம் கையாலேயே படி எடுத்து முடித்தார் அச்சிறுவர். இங்கிலாந்தின் சட்டங்களைத் தொகுத்துரைத்த பிளாக்ஸ்டனின் நூல் அமெரிக்காவில் அச்சேறியபோது, தந்தை முன்பணம் கட்டி அதனை வரவழைத்தார். காட்டோரத்துக் குடியானவர் வீட்டில் அத்தகைய நூல் இருந்தது பெரிது; அதை மகன் படிக்க வேண்டும் என்று தந்தை எண்ணியது அதனினும் பெரிது.

1775-ஆம் ஆண்டு ஆங்கில அரசருக்கு எதிராக யுத்தம் மூண்டது. தந்தையும் மகனும் ஒருசேரப் படையில் சேர்ந்தனர். பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மன்மத் ஆகிய போர்களில் மார்ஷல் பங்கு கொண்டார். தாயார் பின்னிக் கொடுத்த காலுறைகளின் குதிகால் வெள்ளையாக இருந்தமையால், ஓட்டப் பந்தயத்தில் முந்தி ஓடும் அவருக்கு வெள்ளிக் குதிகாலர் என்று தோழர்கள் பட்டப்பெயர் சூட்டினர்.

1777-ஆம் ஆண்டு இறுதியில் வாஷிங்டனின் படை வேலி போர்ஜ் என்னும் இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. உணவு இல்லை, போர்வை இல்லை, பலருக்குக் காலில் செருப்பும் இல்லை. சற்றேறக்குறைய இரண்டாயிரம் வீரர்கள் பகைவர் குண்டுக்கு இரையாகாமல் நோய்க்கே இரையாயினர். இருபத்திரண்டு வயதினரான மார்ஷல் அங்கே தோழர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்ததாக உடனிருந்தோர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தனர். ஆனால் அவர் உள்ளத்தில் ஒரு கேள்வி வேரூன்றியது. நாட்டில் தானியம் இருந்தது, கால்நடை இருந்தது. பதின்மூன்று மாநிலங்களும் தத்தம் நலனையே எண்ணியதாலும், வரி விதிக்கும் அதிகாரம் இல்லாத காங்கிரஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றதாலும் அன்றோ படை பட்டினி கிடந்தது? வலுவான மத்திய அரசு வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் அவர் வாதாடியதன் காரணத்தைத் தேடி நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. அந்தக் குளிர்காலமே போதும். படையில் நீதி விசாரணைக்கு உதவும் உத்தியோகம் ஒன்றும் அவருக்கு அங்கே கிடைத்தது. சட்டத்தில் அவருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் அது.

1780-ஆம் ஆண்டு, படையில் வேலை குறைந்திருந்த இடைவேளையில், வில்லியம்ஸ்பர்க் நகரத்துக் கல்லூரியில் ஜார்ஜ் வைத் என்னும் பேராசிரியரிடம் சட்டப் பாடம் கேட்கச் சென்றார். ஜெபர்ஸனுக்கும் சட்டம் கற்பித்தவர் இந்த வைத் அவர்களே. மார்ஷல் அவரிடம் பாடம் கேட்டது சில வாரங்களே. மூன்று மாதமும் நிறையவில்லை. அந்தச் சில வாரங்களிலும் மனம் முழுதும் பாடத்தில் நின்றதாகச் சொல்ல இயலாது. அவருடைய குறிப்பேடு இன்றும் இருக்கிறது. அதன் ஓரங்களில் போலி ஆம்ப்ளர் என்ற ஒரு பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது! ஆயினும் அவ்வாண்டே வக்கீல் தொழில் நடத்த அனுமதி பெற்றார். அந்தப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர், அப்போது வர்ஜீனியாவின் கவர்னராக இருந்த ஜெபர்ஸன். தம் கையெழுத்து பிற்காலத்தில் தமக்கே எத்தனை தொல்லையாக முடியும் என்பதை அவர் அன்று அறிந்திருக்க முடியாது.

1783-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் மார்ஷலுக்கும் போலிக்கும் திருமணம் நடந்தது. ரிச்மண்டு நகரில் குடியேறினர். பத்துக் குழந்தைகள் பிறந்தன; அறுவரே வளர்ந்து ஆளாயினர். குழந்தைகளைப் பறிகொடுத்த துயரத்தால் அந்த அம்மையாரின் உடலும் மனமும் நலிந்தன. சிறு ஓசையையும் அவரால் தாங்க இயலவில்லை. கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே காலணிகளைக் கழற்றிவிட்டு ஓசையின்றி நடப்பார். வீட்டுக் காரியங்களையும் அவரே பார்ப்பார். விடியற்காலையில் கூடையுடன் சந்தைக்குச் செல்வார். அவருடைய உடையோ எப்பொழுதும் கசங்கியே இருக்கும். ஒருநாள் சந்தையில் புதிதாக ஊருக்கு வந்த இளைஞன் ஒருவன், தான் வாங்கிய வான்கோழியைத் தூக்கிவர ஆள் தேடினானாம். அருகே நின்ற எளிய மனிதர் தாம் கொண்டுவருவதாகக் கூறி வாங்கிக்கொண்டு அவன் வீடுவரை சுமந்து சென்றார். கூலியும் வாங்கவில்லை. அவர்தாம் நாட்டின் பிரதம நீதிபதி என்பதைப் பிறகுதான் அவன் அறிந்தானாம். ரிச்மண்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை இது.

வக்கீல் தொழிலில் அவர் விரைவில் முன்னணிக்கு வந்தார். சட்ட நூல்களை அடுக்கி மேற்கோள் காட்டுவது அவர் வழக்கமன்று. எதிரி மறுக்க இயலாத ஒரு சிறு உண்மையிலிருந்து தொடங்கி, படிப்படியாகத் தாம் விரும்பிய முடிவுக்குக் கேட்பவரை அழைத்துச் சென்றுவிடுவார். முதல் படியை ஒப்புக்கொண்டவர் கடைசிப் படியை மறுக்க இயலாது. 1782 முதல் வர்ஜீனியாவின் சட்ட சபையில் உறுப்பினராகவும் இருந்தார். 1788-ஆம் ஆண்டு, புதிய அரசியல் சட்டத்தை வர்ஜீனியா ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யக் கூடிய சபையில், நீதி மன்றங்களைப் பற்றிய பகுதியை ஆதரித்துப் பேசும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 89 பேர் ஆதரவாகவும் 79 பேர் எதிராகவும் வாக்களிக்க, அரசியல் சட்டம் தப்பிப் பிழைத்தது.

1797-ஆம் ஆண்டு மார்ஷலும் வேறு இருவரும் பிரெஞ்சு தேசத்துக்குத் தூது சென்றனர். அந்நாட்டு அயல்நாட்டு மந்திரி டாலிராண்டின் ஆட்கள் இரகசியமாக வந்து, மந்திரிக்குக் கையூட்டாகப் பெருந்தொகையும், பிரெஞ்சு அரசுக்குக் கடனும் கொடுத்தாலொழியப் பேச்சே நடவாது என்று தெரிவித்தனர். தூதர்கள் மறுத்தனர். அடுத்த ஆண்டு மார்ஷல் ஊர் திரும்பியபோது மக்கள் அவரை வீரரைப் போல் வரவேற்றனர். அரசியலில் அவருடைய பெயர் நாடறிந்த பெயராயிற்று. வாஷிங்டன் நேரில் அழைத்து வற்புறுத்தியதன் பேரில் காங்கிரஸ் தேர்தலுக்கு நின்று, சொற்ப வாக்குகளின் வித்தியாசத்தில் வென்றார். 1799 டிசம்பரில் வாஷிங்டன் மறைந்த செய்தியைக் காங்கிரசுக்குத் தழுதழுத்த குரலில் அறிவித்தவரும் அவரே. 1800-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் அவரைத் தம் அயல்நாட்டு மந்திரியாக்கினார். அரசாங்க முத்திரையைக் காப்பதும், நியமனப் பத்திரங்களுக்கு அம்முத்திரையை இட்டு அனுப்புவதும் அந்த மந்திரியின் வேலைகளுள் அடங்கும். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார், ஜெபர்ஸன் வென்றார். ஆனால் புதிய ஜனாதிபதி பதவி ஏற்பது அடுத்த மார்ச் 4-ஆம் நாள். இடைப்பட்ட காலத்தில் பிரதம நீதிபதி பதவி காலியாயிற்று. முன்பு அப்பதவியை வகித்த ஜான் ஜே அவர்களை ஆடம்ஸ் மீண்டும் அழைத்தார். அந்த நீதி மன்றத்துக்கு மதிப்பும் வலுவும் இல்லை என்று அவர் மறுத்து எழுதிவிட்டார். அந்த மறுப்புக் கடிதத்தை ஜனாதிபதியிடம் கொண்டு சென்றவர் மார்ஷல். இனி யாரை நியமிப்பது என்று ஆடம்ஸ் சிந்தித்தார். எதிரில் நின்றவரையே நியமித்துவிடுவதாகச் சொன்னார்! 1801 பிப்ரவரி 4-ஆம் நாள் மார்ஷல் பிரதம நீதிபதியாகப் பிரமாணம் செய்தார். ஆயினும் ஆடம்ஸின் கடைசி நாள் வரையில் மந்திரி வேலையையும் சேர்த்தே பார்த்து வந்தார்.

அன்றைய உச்ச நீதி மன்றத்தின் நிலையை எண்ணினால் நகைப்பு வரும். தலைநகரைத் திட்டமிட்டவர்கள் ஜனாதிபதிக்கு மாளிகை கட்டினர். காங்கிரசுக்கு மண்டபம் கட்டினர். நீதிபதிகளுக்கு ஓர் அறைகூட ஒதுக்கவில்லை. காங்கிரஸ் மண்டபத்தின் கீழ்ப்பகுதியில் சிறியதோர் அறையை இரவலாகப் பெற்று அவர்கள் அமர்ந்தனர். அந்நீதி மன்றத்துக்கெனத் தனிக் கட்டடம் அமைந்தது 1935-ஆம் ஆண்டில்தான். அதாவது மார்ஷல் இறந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்.

இனி அந்த மார்ச் 3-ஆம் நாள் இரவுக்கு வருவோம். ஆடம்ஸ் பதவி விலகுமுன் தம் கட்சியினர் பலரை நீதிபதிகளாக நியமித்தார். தலைநகர் வட்டாரத்தில் சிறு வழக்குகளை விசாரிக்கும், நம் நாட்டில் முன்னர் இருந்த கௌரவ மாஜிஸ்திரேட் போன்ற பதவிகள் நாற்பத்திரண்டு அவற்றுள் அடங்கும். கடைசி நாளில்தான் செனட் சபை ஒப்புதல் அளித்தது. ஜனாதிபதி கையொப்பமிட்டார், மார்ஷல் முத்திரை இட்டார். மார்ஷலின் தம்பி ஜேம்ஸ் சில பத்திரங்களை எடுத்துக்கொண்டு உரியவர்களிடம் சேர்ப்பிக்கப் புறப்பட்டார். எல்லாவற்றையும் கொண்டு செல்ல இயலாமற் போகவே, சிலவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவை மேசை மேல் தங்கின. மறுநாள் ஜெபர்ஸனுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் மார்ஷல். அதன் பின் அந்தப் பத்திரங்களைக் கண்ட ஜெபர்ஸன், அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார்.

பத்திரம் வந்து சேராதவர்களுள் வில்லியம் மார்பரி ஒருவர். அவரும் வேறு மூவரும் 1801 டிசம்பரில் உச்ச நீதி மன்றத்தை நேரடியாக அணுகினர். தங்கள் பத்திரங்களைக் கொடுக்கும்படி புதிய அயல்நாட்டு மந்திரி ஜேம்ஸ் மாடிசனுக்கு மாண்டமஸ் என்னும் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஜெபர்ஸன் கட்சியினர் நிறைந்த காங்கிரஸ், நீதி மன்றம் கூடும் மாதங்களையே மாற்றி, பதினான்கு மாதங்கள் அது கூடாதபடி செய்துவிட்டது. 1803 பிப்ரவரியில்தான் வழக்கு விசாரணைக்கு வந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அக்கால நீதிபதிகள் ஆண்டுதோறும் சுற்றுப் பயணம் சென்று ஊர் ஊராக விசாரணை நடத்த வேண்டும். ஜனவரியில் மார்ஷல் வட கரோலினாவின் ராலி நகருக்குச் சென்றார். போய்ச் சேர்ந்தபின் பையைத் துழாவினால், வைத்திருந்த வெள்ளி டாலர்கள் பதினைந்தைக் காணோம். சட்டைப்பை கிழிந்து வழியில் கொட்டிவிட்டன. பெட்டியைத் திறந்தால், நீதி மன்றத்துக்கு அணிய வேண்டிய கால்சட்டையையே காணோம், வீட்டில் மறந்துவிட்டிருந்தார். ஊரிலிருந்த தையற்காரர் எவருக்கும் ஓய்வில்லை. அந்தக் குறையோடேயே விசாரணைகளை நடத்தி முடித்ததாக மனைவிக்கு எழுதினார். பத்திரங்களை அனுப்ப மறந்த மனிதரின் இயல்பு இதிலும் தெரிகிறது அல்லவா!

மார்பரி வழக்கில் அவருக்கு இருந்த இக்கட்டை எண்ணிப் பாருங்கள். பத்திரத்தைக் கொடு என்று ஆணையிட்டால் ஜெபர்ஸன் அதைப் பொருட்படுத்த மாட்டார். நீதி மன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. ஆணை செல்லாக் காசாகும். ஆணையிட மறுத்தாலோ, அதிகாரத்துக்கு அஞ்சிப் பணிந்ததாக ஊர் சொல்லும்.

பிப்ரவரி 24-ஆம் நாள் மார்ஷல் தீர்ப்பைப் படித்தார். வக்கீல் தொழிலில் கையாண்ட அதே படிமுறைதான். மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டா? உண்டு, கையொப்பமும் முத்திரையும் விழுந்தபோதே நியமனம் முடிந்துவிட்டது, கையில் கொடுப்பது வெறும் சம்பிரதாயம். அந்த உரிமை மறுக்கப்பட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு; மந்திரியும் சட்டத்துக்கு உட்பட்டவரே. அந்தப் பரிகாரத்தை இந்த நீதி மன்றமே நேரடியாக அளிக்கலாமா? இங்கேதான் அவர் திரும்பினார். 1789-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. ஆனால் எந்த வழக்குகளை உச்ச நீதி மன்றத்தில் நேரடியாகத் தொடுக்கலாம் என்பதை அரசியல் சட்டம் வரையறுத்திருக்கிறது. காங்கிரஸ் அதைக் கூட்ட முடியாது. மக்கள் வகுத்த அரசியல் சட்டத்துக்கு மாறாகச் சட்ட சபை இயற்றும் சட்டம் சட்டமே அன்று. அவ்வாறு மாறுபடுகிறதா என்று பார்த்துச் சொல்வது நீதி மன்றத்தின் கடமை. ஆகவே மனு தள்ளப்பட்டது.

மார்பரிக்குக் கடைசிவரை அந்தப் பதவி கிடைக்கவில்லை. ஜெபர்ஸன் கேட்டதும் நடந்தது. ஆனால் அவரால் மகிழ முடியவில்லை. அவர் செய்தது சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்புச் சொல்லியது. மீறுவதற்கோ அதில் ஆணை எதுவும் இல்லை! ஒரு சிறு அதிகாரத்தை வேண்டாமென்று விட்டுக்கொடுத்து, சட்ட சபையின் சட்டத்தையே செல்லாதென்று சொல்லும் பேரதிகாரத்தை மார்ஷல் நீதி மன்றத்துக்கு ஈட்டிக் கொடுத்துவிட்டார். 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டங்கள் செல்லா என்று 13-ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறிவிட்டது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மார்ஷல் அதைத் தருக்கத்தால் நிறுவ வேண்டியிருந்தது.

எனினும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தம் அலுவலகத்தில் தம் கையாலேயே முத்திரையிட்டு, தம் கவனக் குறைவால் தங்கிவிட்ட காகிதங்களைப் பற்றிய வழக்கில் அவர் தீர்ப்புக் கூற அமர்ந்திருக்கக் கூடாது. சாட்சியாக நிற்க வேண்டியவர் அவர். இக்கால நீதிபதி எவரும் அதைச் செய்யத் துணியார்.

1807-ஆம் ஆண்டு, முன்னாள் உப ஜனாதிபதி ஆரன் பர் மீது இராஜத் துரோக வழக்கு நடந்தது. ரிச்மண்டில் அதை விசாரித்தவர் மார்ஷல். குற்றவாளியைத் தூக்கு மேடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஜெபர்ஸன் துடித்தார். ஆனால் துரோகச் செயலை இரண்டு சாட்சிகள் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்ற விதியை மார்ஷல் சிறிதும் தளர்த்தவில்லை. ஜனாதிபதியிடம் உள்ள கடிதத்தைக் கொண்டுவரும்படி அவருக்கே அழைப்பாணை அனுப்பினார். பர் விடுதலையானார். பால்டிமோர் நகரத்தில் மக்கள் மார்ஷலின் கொடும்பாவியைக் கொளுத்தினர். வழக்கு நடந்த சமயத்தில், பர் விருந்தினராக இருந்த வீட்டிலேயே நீதிபதியும் விருந்துண்ணச் சென்றது மட்டும் தவறுதான்.

முன்னெல்லாம் ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியே தம் கருத்தைப் படிப்பார். மார்ஷல் அதை மாற்றி, நீதி மன்றம் முழுமைக்கும் ஒரே தீர்ப்பு என்று ஆக்கினார். நீதிபதிகள் அனைவரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, அங்கேயே வழக்குகளைப் பேசி முடிப்பர். மழை பெய்யும் நாளில் மட்டுமே மது அருந்துவது என்று அவர்கள் விதி வைத்திருந்தார்களாம். வானம் தெளிவாக இருந்தால், நம் அதிகார எல்லை பரந்தது, எங்கேனும் ஓரிடத்தில் மழை பெய்துகொண்டுதான் இருக்கும் என்று பிரதம நீதிபதி சொல்லிப் புட்டியைத் திறக்கச் செய்வாராம். எதிர்க் கட்சி ஜனாதிபதிகள் நியமித்த நீதிபதிகளே பெரும்பான்மையாகிவிட்ட பிறகும், அவர்களும் அந்த மேசைக்கு வந்து மார்ஷலுடன் ஒத்துப்போயினர்.

1819-ஆம் ஆண்டு மெக்கல்லக் வழக்கில், மத்திய அரசு நிறுவிய பாங்கின் மீது மேரிலாந்து மாநிலம் வரி விதிக்க இயலாது என்று தீர்ப்பானது. என்னைப் போன்ற ரயில்வேக்காரனுக்கு அதைவிடச் சுவையானது 1824-ஆம் ஆண்டின் நீராவிக் கப்பல் வழக்கு. நியூயார்க் மாநிலம் தன் நீர்ப்பரப்பில் நீராவிக் கப்பல் விடும் தனியுரிமையை லிவிங்ஸ்டன், புல்டன் என்னும் இருவருக்கு அளித்திருந்தது. அவர்களிடம் உரிமம் பெற்று ஆக்டன் கப்பல் ஓட்டினார். மத்திய அரசின் உரிமத்தை வைத்துக்கொண்டு கிப்பன்ஸ் போட்டிக்குக் கப்பல் விட்டார். நியூயார்க் நீதி மன்றங்கள் அவரைத் தடுத்தன. வாணிகம் என்பது வாங்குவதும் விற்பதும் மட்டுமன்று, போக்குவரத்தும் அதில் அடங்கும். மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வாணிகத்தில் மத்திய அரசின் சட்டத்தைத் தடுக்க எந்த மாநிலத்துக்கும் அதிகாரமில்லை என்று மார்ஷல் தீர்ப்பளித்தார். ஒவ்வொரு மாநில எல்லையிலும் ஒரு தனியுரிமைக்காரன் வழிமறித்து நின்றிருந்தால், பின்னாளில் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இரும்புப் பாதை போட்டிருக்க முடியுமா? கிப்பன்ஸின் கப்பலில் மாலுமியாக இருந்த வாண்டர்பில்ட் என்ற இளைஞர்தாம் பிற்காலத்தில் நியூயார்க்கின் ரயில்வே அதிபரானார்.

இத்துணையும் எழுதியபின், எழுதக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். மார்ஷல் அடிமைகளை வைத்திருந்தார். வீட்டுக்குச் சிலர் என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதி வந்தனர். வாழ்நாளில் நூற்றுக்கணக்கானோரை அவர் உடைமையாகக் கொண்டிருந்தார், விலைக்கு வாங்கியும் வந்தார் என்று 2018-ல் வெளிவந்த ஆராய்ச்சி நூல் ஒன்று காட்டியது. 1825-ஆம் ஆண்டு, ஆண்டிலோப் என்னும் கப்பலில் பிடிபட்ட ஆப்பிரிக்கர்களைப் பற்றிய வழக்கு அவர் முன் வந்தது. அடிமை வாணிகம் இயற்கை நீதிக்கு மாறானது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நாடுகளுக்கிடையே உள்ள சட்டம் அதைத் தடுக்கவில்லை என்று முடித்தார். அவர்களுள் ஒரு பகுதியினர் லைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு பகுதியினர் அடிமைகளாயினர். ஒரு காகிதம் கைக்கு வந்து சேராவிட்டாலும் மார்பரியின் உரிமை உரிமையே என்று நுட்பமாக ஆராய்ந்த அறிவு, மனிதரின் உடம்பே விற்பனையாகும் இடத்தில் ஏன் நின்றுவிட்டது? சட்டம் இடம் தரவில்லை என்ற விடை அவரைப் போன்றவருக்குப் போதிய விடை என்று எனக்குத் தோன்றவில்லை. சிக்காகோவில் அவர் பெயரைத் தாங்கியிருந்த சட்டக் கல்லூரி, 2021-ஆம் ஆண்டில் அந்தப் பெயரை நீக்கிவிட்டது. அவர் ஈட்டித் தந்த அதிகாரத்தை அந்த உச்ச நீதி மன்றம், காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் மீது இரண்டாம் முறையாகப் பயன்படுத்தியது 1857-ல். அப்போது அது எதற்குப் பயன்பட்டது தெரியுமா? புதிய பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுத்த சட்டம் செல்லாது என்று சொல்லவும், கறுப்பு மக்கள் குடிகளே அல்லர் என்று கூறவும்!

வாழ்வின் இறுதிப் பகுதியில் வேறொரு வழக்கு வந்தது. ஜார்ஜியா மாநிலம் செரோக்கி என்னும் செவ்விந்தியரின் நிலத்தைப் பறிக்கத் தன் சட்டங்களை அங்கே நீட்டியது. அவர்களிடையே ஊழியம் செய்த பாதிரியார் வொர்ஸெஸ்டரையும் துணைவர் ஒருவரையும் நான்காண்டுக் கடுங்காவலில் வைத்தது. செரோக்கியர் தனிச் சமுதாயம். அவர்கள் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று 1832 மார்ச் மாதம் மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜார்ஜியா அசையவில்லை. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனும் தீர்ப்பை நிறைவேற்ற விரலை அசைக்கவில்லை. பாதிரியார் கடைசியில் மன்னிப்புப் பெற்றே வெளிவந்தார். 1838-ல் செரோக்கி மக்கள் வீடு வாசலிலிருந்து பெயர்க்கப்பட்டு மேற்கே நடத்தப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் மாண்டவர் ஏறத்தாழ நாலாயிரவர். 1803-ல் தாம் எதற்கு அஞ்சி ஒதுங்கினாரோ, அதை முதியவர் தம் எழுபத்தாறாம் வயதில் எதிர்கொண்டார். ஆணையிட்டார், அது காகிதமாகவே நின்றது.

1831 அக்டோபரில் அவருக்குப் பிலடல்பியாவில் மூத்திரப்பைக் கல்லுக்கு இரண சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஏறக்குறைய ஆயிரம் சிறு கற்கள் வெளிவந்தன. அவர் பிழைத்தெழுந்து வீடு திரும்பினார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று போலி அம்மையார் மறைந்தார். நாற்பத்தெட்டாண்டு இல்லறம். முதல் நாள் மாலை மனைவி தம் கழுத்தில் அணிவித்த, அவருடைய கூந்தல் இழை அடங்கிய பதக்கத்தை அவர் பின் கழற்றவில்லை.

1835 கோடையில் ஈரல் நோயால் மீண்டும் பிலடல்பியாவுக்குச் சென்றார். தந்தையைக் காண விரைந்து வந்த மூத்த மகன் தாமஸ், பால்டிமோரில் புயலுக்கு ஒதுங்கி நின்றபோது, இடிந்து விழுந்த செங்கற்கள் தாக்கி இறந்தார். அச்செய்தியைத் தந்தைக்கு எவரும் சொல்லவில்லை. ஜூலை 6-ஆம் நாள் மார்ஷல் காலமானார். வயது எழுபத்தொன்பது. முப்பத்து நான்காண்டுகள் பிரதம நீதிபதியாக இருந்திருந்தார். ரிச்மண்டில் மனைவியின் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், தம் கல்லறையில் பொறிக்க வேண்டியதை அவரே எழுதி வைத்திருந்தார். தாய் தந்தையர் பெயர், பிறந்த நாள், மேரி வில்லிஸ் ஆம்ப்ளரை மணந்த நாள், இவ்வளவே அதில் இருந்தன. போர் வீரர், தூதர், மந்திரி, பிரதம நீதிபதி என்ற சொல் எதுவும் இல்லை. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அதைப் பிறர் நிரப்பினர்.